கவுன்சிலர் தேர்தலில் யாருக்கு ஓட்டு? நீலகிரி வாக்காளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2022 பிப்ரவரி 19-ஆம் தேதி நாம் ஓட்டுப் போட்டோம். அப்போது நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கூடலூர், நெல்லியாளம் ஆகிய 4 நகராட்சிகளில் 108 வார்டுகள், 11 பேரூராட்சிகளில் 186 வார்டுகள். மார்ச் 2-இல் கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். ஐந்தாண்டு 2027 மார்ச்சில் முடிகிறது. இப்போதே கல்யாண வீட்டிலும் துக்க வீட்டிலும் வழக்கத்தைவிட அதிகமான வெள்ளைச் சட்டைகள் தென்படுகின்றன. குன்னூரில் என்னிடம் பலரும் கேட்டவற்றை, எனக்குத் தெரிந்த பதிலோடு இங்கே எழுதியிருக்கிறேன். யாருக்குப் போடுங்கள் என்று சொல்லப்போவதில்லை. எதைப் பார்த்துப் போடலாம் என்று மட்டும் சொல்கிறேன்.

கவுன்சிலரால் உண்மையில் என்னதான் செய்ய முடியும்?

இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதித் தேர்தல் முடிந்த மாதிரி.

குடிநீர், குப்பை, தெருவிளக்கு, சாக்கடை, மழைநீர்க் கால்வாய், நகராட்சிச் சாலை, நடைபாதைப் படிக்கட்டு, பொதுக் கழிப்பிடம், மார்க்கெட், சொத்து வரி, கட்டட அனுமதி, கடை லைசென்ஸ். உள்ளாட்சியின் உலகம் இவ்வளவுதான். இதில் கவுன்சிலர் கையில் நேரடி அதிகாரம் என்று பார்த்தால் அதிகம் இல்லை. கையெழுத்துப் போடுவது கமிஷனர், பேரூராட்சி என்றால் செயல் அலுவலர். கவுன்சிலருக்கு இருப்பது மன்றத்தில் ஒரு ஓட்டு, எழுந்து கேள்வி கேட்கும் உரிமை, அப்புறம் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து வேலையை முடிக்கும் பிடிவாதம்.

ஆனால் மலையில் இந்தச் சின்ன அதிகாரத்துக்கே எடை அதிகம். குன்னூரில் ரேலியா அணை நிரம்பியிருந்தாலும் சரி, எமரால்டு திட்டத் தண்ணீர் வந்தாலும் சரி, உங்கள் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணி நேரம் என்பது வால்வு திறக்கும் ஆளிடம் வந்து நிற்கிறது. மேட்டில் இருக்கும் வீட்டுக்குக் குழாயில் காற்றுதான் வருகிறது, கீழே இருப்பவர் தொட்டி வழிகிறது. இந்த முறைப் பட்டியலைக் கேட்டு வாங்கி, தெருவில் ஒட்டவைத்து, மீறினால் சண்டை போட ஒரு ஆள் வேண்டும். அதுதான் கவுன்சிலர் வேலை.

குப்பையும் அப்படித்தான். கோயம்புத்தூரில் தொட்டி நிரம்பி வழிந்தால் நாற்றம். இங்கே நிரம்பி வழிந்தால் இரவில் கரடி. தொட்டியைக் காலி செய்யும் நேரமும், அந்தப் படிக்கட்டில் எரியாத ஒரு லைட்டும் சேர்ந்தால், டியூஷன் முடிந்து வரும் பிள்ளை காட்டெருமைக்கு நேராகப் போய் நிற்கும். கரடியைப் பிடிப்பது வனத்துறை. அது வந்துபோகிற காரணத்தைக் குறைப்பது நகராட்சி.

பட்டா வாங்கித் தருகிறேன், கரண்ட் வாங்கித் தருகிறேன் என்கிறாரே?

கூடலூர், ஓவேலி, தேவர்சோலை, நெல்லியாளம் பக்கம் எல்லாத் தேர்தலிலும் வரும் வாக்குறுதி இது. மக்களின் தேவை நூற்றுக்கு நூறு உண்மை. வாக்குறுதிதான் பொய்.

அந்தப் பகுதியில் பெரும் நிலப்பரப்பு பழைய ஜென்ம நிலம், அதாவது ஜென்மி என்ற பரம்பரை நிலவுடைமையாளர் கையில் இருந்த நிலம். 1969-இல் கூடலூர் ஜென்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வந்தது. அதில் எஸ்டேட் குத்தகை நிலங்களைப் பற்றிய 17-ஆம் பிரிவு, ஊர்வழக்கில் ‘செக்‌ஷன் 17’, அரசுக்கும் எஸ்டேட்டுகளுக்கும் குடியிருப்பவர்களுக்கும் இடையே இன்றுவரை தீராமல் கிடக்கிறது. வருவாய்த் துறை, வனத்துறை, நீதிமன்றம், தலைமைச் செயலகம் என்று சுற்றும் விஷயம். பட்டா இல்லாததால் மின் இணைப்பும் இழுபறி. இதை ஒரு வார்டு கவுன்சிலர் தீர்க்க முடியாது. பேரூராட்சித் தலைவராலும் முடியாது.

அப்படியானால் இதைப் பற்றி அவரிடம் பேசவே வேண்டாமா? பேசலாம், கேள்வியை மாற்றிக் கேளுங்கள். ‘பட்டா தருவீர்களா’ என்பதற்குப் பதில், ‘மின் இணைப்பு கேட்டு மன்றத்தில் தீர்மானம் கொண்டுவருவீர்களா? கலெக்டர் ஆபீஸுக்கு எங்களோடு வருவீர்களா? அதுவரை பொதுக் குழாயும் தெருவிளக்கும் எங்கே வரை கொண்டுவர முடியும்?’ என்று கேளுங்கள். ‘பட்டா என் கையில் இல்லை, மற்றது முயற்சி செய்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவரைக் குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டுக் கேட்டு வந்த இடத்தில் முடியாது என்று சொல்லத் துணிந்தவர் அபூர்வம்.

இதே கணக்கில் தள்ள வேண்டிய வாக்குறுதிகள் இன்னும் உண்டு. வெளியூர் வண்டிகளுக்கான இ-பாஸ் 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவில் நடப்பது, கவுன்சிலர் நீக்க முடியாது. பச்சைத் தேயிலைக்கு விலை, அரசு ஆஸ்பத்திரிக்கு டாக்டர், யானை வழித்தடம், ரேஷன் கடைப் பருப்பு எதுவும் அவர் மேசைக்கு வராது.

எஸ்டேட் லைன் வீட்டில் இருக்கிறோம். எங்களுக்கு யார் வந்தால் என்ன?

சலிப்பு புரிகிறது. லைன் வீட்டுக்குக் குடிநீர், கழிப்பறை, வீட்டுப் பழுது எல்லாம் நிர்வாகத்தின் கடமை. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்திலேயே அது இருந்தது. எஸ்டேட் உள் சாலை தனியார் சொத்து என்றால் நகராட்சிப் பணத்தில் தார் போடுவது சிக்கல். டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பு என்றால் அது அரசு நிறுவனம், நிலமோ வனத்துறை சம்பந்தப்பட்டது, அது வேறு சுற்று. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு இந்தப் பந்தாட்டம் இரண்டு தலைமுறையாகப் பழக்கம்: நிர்வாகம் பேரூராட்சியைக் காட்டும், பேரூராட்சி நிர்வாகத்தைக் காட்டும்.

அதனால்தான் லைனுக்கு நல்ல கவுன்சிலர் இன்னும் அவசியம் என்பது என் வாதம். எது யார் பொறுப்பு என்று எழுத்தில் வாங்கி வருபவர் வேண்டும். எஸ்டேட் மேனேஜரைப் பார்த்தால் எழுந்து நிற்காதவராகவும் இருக்க வேண்டும். தொழிற்சங்கத்தில் இருந்து வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கைவந்த கலை. ஆனால் சங்கத்தில் இருக்கிறார் என்பதற்காகவே போட்டுவிட வேண்டாம். போனஸ் பேச்சுவார்த்தையில் அவர் எப்படி நடந்துகொண்டார் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

சேர்மனுக்குத் தனி ஓட்டு உண்டா?

இப்போது இல்லை. 2011-இல் சேர்மனை நேரடியாகத் தேர்ந்தெடுத்தோம். 2019-இல் அரசு அதை மாற்றியது. 2022-இல் கவுன்சிலர்கள் கூடி மார்ச் 4-இல் தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்தார்கள். ஆகவே நீங்கள் போடும் ஒரு ஓட்டு இரண்டு வேலை செய்கிறது. வேட்பாளரிடம் ‘சேர்மன் தேர்தலில் யாருக்குக் கை தூக்குவீர்கள்’ என்று முகத்துக்கு நேரே கேட்கலாம். கட்சிக்காரர் என்றால் பதில் தெரிந்ததுதான். சுயேச்சை என்றால் கட்டாயம் கேளுங்கள். பல மன்றங்களில் சுயேச்சையின் விலை மார்ச் முதல் வாரத்தில்தான் ஏறுகிறது.

கட்சியைப் பார்ப்பதா, ஆளைப் பார்ப்பதா?

சட்டமன்றத்துக்குக் கட்சி, வார்டுக்கு ஆள் என்று எங்கள் பக்கம் பெரியவர்கள் சொல்வார்கள். நான் அதை முழுசாக ஏற்பதில்லை. மன்றத்தில் பெரிய விஷயம் வரும்போது கவுன்சிலர் கட்சி சொன்னபடிதான் ஓட்டுப் போடுகிறார். 2022-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிப்ரவரியில் தேர்தல். ஏப்ரல் தொடக்கத்திலேயே சொத்து வரி உயர்வு அறிவிப்பு. சென்னைக்கு வெளியே, 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,800 சதுர அடிக்கு மேல் 100 சதவீதம், கடைகளுக்கும் 100 சதவீதம். முடிவு சென்னையில், தீர்மானம் போட்டது நம் மன்றங்கள். அன்று ‘என் வார்டில் லாட்ஜ் கிடையாது, கிழவிகள் வாழும் ஓடு போட்ட வீடுதான்’ என்று எத்தனை பேர் வாய் திறந்தார்கள் என்று உங்கள் ஊரில் விசாரித்துப் பாருங்கள்.

குழாய் உடைப்பு, லைட்டு, குப்பைக்கு ஆள் முக்கியம். வரி, மார்க்கெட் கடை வாடகை, பெரிய டெண்டருக்குக் கட்சி முக்கியம். உங்கள் வார்டில் எது எரிகிற பிரச்சினையோ அதை வைத்து எடை போடுங்கள். மார்க்கெட்டில் கடை வைத்திருப்பவருக்கும் ஊட்டி காந்தலில் சாக்கடை ஓரம் குடியிருப்பவருக்கும் ஒரே பதில் வராது.

ஆளும் கட்சி ஆள் வந்தால்தான் ஃபண்டு வரும் என்கிறார்களே?

கொஞ்சம் உண்மை, நிறைய மிரட்டல். மாநில நிதிக் குழு மானியமும் மத்திய நிதிக் குழு மானியமும் ஊருக்கு வருவது வார்டு கவுன்சிலரின் கட்சிக் கொடியைப் பார்த்து அல்ல. வந்த பணத்தை எந்த வார்டுக்கு முதலில் என்று பங்கு பிரிக்கும்போதுதான் பாரபட்சம். அங்கே எதிர்க்கட்சிக் கவுன்சிலர் வாய் பேசுபவராக இருந்தால் சில நேரம் ஆளும் கட்சியின் ஊமைக் கவுன்சிலரைவிட அதிகம் வாங்கி வந்துவிடுகிறார். பத்திரிகைக்காரர்கள் உட்கார்ந்திருக்கும் மன்றக் கூட்டத்தில் வெளிநடப்பு செய்தால் மறுநாள் வால்வு திறக்கிறது. இது எங்கள் ஊரில் பார்த்த வேடிக்கை.

வேட்பாளரைப் பற்றிய விவரம் எங்கே கிடைக்கும்?

வேட்புமனுவோடு உறுதிமொழிப் பத்திரம் தருகிறார்கள். அதில் வழக்கு, சொத்து, கடன், படிப்பு எல்லாம் இருக்கும். தேர்தல் நடத்தும் அலுவலர் அலுவலகத்தில் ஒட்டுவார்கள், மாநிலத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்திலும் ஏற்றுவார்கள். வழக்கு என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். சாலை மறியலில் போட்ட வழக்கும், காசோலை மோசடி வழக்கும் ஒன்றல்ல. பிரிவு என்ன என்று படியுங்கள், புரியாவிட்டால் தெரிந்த வக்கீலிடம் காட்டுங்கள்.

சொத்து விவரத்தில் நான் முதலில் பார்ப்பது ஊருக்குள் எத்தனை கட்டடம், அவை வீடா காட்டேஜா என்பதை.

காட்டேஜ் வைத்திருப்பவர், பில்டிங் கான்ட்ராக்டர் நின்றால் போடக் கூடாதா?

போடக் கூடாது என்று சொல்ல முடியாது. நம் ஊரில் பாதிப் பேருக்குப் பிழைப்பே அதுதான். ஆனால் நீலகிரியில் கட்டடம் என்பது சாதாரண விஷயமில்லை. 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு, மாஸ்டர் பிளான், சரிவுக்கும் வனத்துக்கும் தனி அனுமதி என்று வரிசையாக நிற்கிறது. வீடு என்று பிளான் வாங்கி லாட்ஜ் நடத்துவதும், ஒரு மாடிக்கு அனுமதி வாங்கி மூன்று மாடி எழுப்புவதும் எல்லோருக்கும் தெரிந்த கதை. 2009 நவம்பரில் நாற்பதுக்கும் மேற்பட்ட உயிரை நிலச்சரிவில் இழந்த மாவட்டம் இது. தடுப்புச் சுவர் இல்லாமல் மண்ணை வெட்டும் இடத்தில் ‘பாவம், விட்டுடுங்க சார்’ என்று போன் போடுபவர் யார் என்று பார்க்க வேண்டும்.

நகராட்சியில் கான்ட்ராக்ட் எடுத்திருப்பவர் கவுன்சிலருக்கு நிற்க முடியாது, உள்ளாட்சிக்கு வரிபாக்கி வைத்திருப்பவருக்கும் சிக்கல். அதனால்தான் வேட்புமனு வாரத்தில் வரி வசூல் கவுண்டரில் வேட்டி சட்டைகளின் வரிசை. கான்ட்ராக்ட் மச்சான் பேருக்கு மாறியிருக்கும். மச்சானைப் பற்றி டீக்கடையில் கேட்டால் போதும்.

எல்லோரும் பணம் கொடுக்கிறார்கள். வாங்கினால் என்ன தப்பு?

சட்டப்படி கொடுப்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். அது கிடக்கட்டும், கணக்கைப் பாருங்கள். 2023 ஜூலை முதல் பேரூராட்சி உறுப்பினருக்கு மாத மதிப்பூதியம் 2,500 ரூபாய், நகராட்சி உறுப்பினருக்கு 5,000. ஐந்து வருடம் முழுக்க வாங்கினாலும் முதலாமவருக்கு ஒன்றரை லட்சம், இரண்டாமவருக்கு மூன்று லட்சம். பேரூராட்சி வார்டில் 2022-இல் அனுமதித்த தேர்தல் செலவே 17,000 ரூபாய்தான். சில நூறு ஓட்டுள்ள வார்டில் ஒருவர் தலைக்கு ஆயிரம், இரண்டாயிரம், கூடவே குக்கர் என்று இறைத்தால், அந்தப் பணம் எந்த வழியில் திரும்பி வரும்? உங்கள் குழாய் இணைப்பு, உங்கள் பிளான் அப்ரூவல், உங்கள் தெருவில் மூன்றே மாதத்தில் பெயர்ந்து போகும் கான்கிரீட்.

வாங்கிவிட்டேன், சத்தியம் செய்துவிட்டேன், மாற்றிப் போட்டால் பாவமா என்று ஒரு பாட்டி கேட்டார். பணத்தைத் தட்டில் வைத்துக் கற்பூரம் காட்டி அவரிடம் வாங்கிய சத்தியம் அது. ‘ஓட்டுப் போடுற மறைப்புக்குள்ள நீங்க மட்டும்தான் பாட்டி இருப்பீங்க’ என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெண்கள் வார்டில் நிற்பவர் பேச மாட்டேன் என்கிறார். கணவர்தான் பேசுகிறார்.

தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு. 2016-இல் சட்டம் அப்படி மாறியது. கவுன்சிலர் ஆன பிறகும் போனைக் கணவர் எடுப்பார், அலுவலகத்தில் நாற்காலி அவருக்குப் போடுவார்கள். இதை உடைக்க ஒரு வழி: ஓட்டுக் கேட்டு வரும்போது, ‘அண்ணா, நீங்க கொஞ்சம் இருங்க, அக்கா சொல்லட்டும்’ என்று அந்த அம்மாவிடம் மட்டும் பேசுங்கள். தண்ணீர் எந்தக் கிழமை வருகிறது என்று அவருக்கு நிச்சயம் தெரியும். கணவருக்குத் தெரியுமா என்பது சந்தேகம். முதல் வாரம் கூச்சப்பட்டு, ஆறு மாதத்தில் மன்றத்தையே ஆட்டிவைத்த பெண்களும் இருக்கிறார்கள். மகளிர் குழுவில் கடன் கணக்கு எழுதிப் பழகியவரா என்று பாருங்கள், அவருக்கு டெண்டர் தொகையைப் படிக்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஹட்டியில் ஊர்க்கூட்டம் ஒருவரை முடிவு செய்துவிட்டது. மீறலாமா?

படகர் ஊர்களில் ஊர்க் கட்டுப்பாட்டுக்கு மதிப்பு உண்டு, அதனால் பல சண்டைகள் வராமல் நின்றிருக்கின்றன. மற்ற சமூகங்களிலும் சங்கம், ஜமாத், சர்ச் கமிட்டி என்று இதே ஏற்பாடு வேறு பெயரில் இருக்கிறது. ஆனால் ஓட்டு ரகசியம், அது உங்களுடையது. கூட்டத்திலேயே பேச வேண்டியதைப் பேசிவிடுவது நல்லது. ஆள் முடிவாகும் முன் ‘குப்பைக்கும் தண்ணிக்கும் என்ன செய்வார்’ என்று கேட்க இளைஞர்களையும் பெண்களையும் விட்டாலே பாதி பழுது நீங்கும்.

போன முறை ஜெயித்தவரே மறுபடி நிற்கிறார். எப்படி எடை போடுவது?

இதுதான் இருப்பதிலேயே சுலபம், யாரும் செய்வதில்லை. மன்றக் கூட்ட நடவடிக்கைக் குறிப்பு பொது ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். மூன்று விஷயம் கேளுங்கள்: எத்தனை கூட்டத்துக்கு வந்தார், என்ன கேள்வி எழுப்பினார், வார்டில் எந்தப் பணிக்கு எவ்வளவு செலவானது. பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து செய்தால் காப்பிக் கட்டணம் டீக்காசுக்கும் குறைவு.

அவர் பகுதி சபைக் கூட்டம் நடத்தினாரா என்றும் கேளுங்கள். 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று நகர்ப்புறங்களில் இது தொடங்கியது. கிராம சபை மாதிரி, வார்டு மக்கள் உட்கார்ந்து பேசும் கூட்டம். உங்கள் வார்டில் நடந்ததே உங்களுக்குத் தெரியாது என்றால், பத்துப் பேரை வைத்துக் கையெழுத்து வாங்கி முடித்திருப்பார்கள்.

இன்னொன்றையும் நியாயத்துக்காகச் சொல்ல வேண்டும். 2016 அக்டோபர் முதல் 2022 மார்ச் வரை நம் ஊர்களில் கவுன்சிலரே இல்லை, தனி அலுவலர் ஆட்சி. அந்த ஐந்து வருடக் குப்பையும் உடைப்பும் இவர் தலையில் விழுந்தது. ஊட்டியில் கோடப்பமந்து கால்வாய்ச் சாக்கடை ஏரியில் கலப்பது ஒரு கவுன்சிலரின் ஐந்தாண்டில் உண்டானதும் இல்லை, தீர்வதும் இல்லை. சிறிய வேலையில் அவர் எப்படி என்று பாருங்கள். மழை கொட்டும் இரவில் மண் சரிந்தது என்று கூப்பிட்டபோது வந்தாரா, வரவில்லையா?

வேறு வார்டில் குடியிருப்பவர் இங்கே நிற்கலாமா?

அதே நகராட்சி அல்லது பேரூராட்சியின் பட்டியலில் பெயர் இருந்து, 21 வயது ஆகியிருந்தால் நிற்கலாம். நல்லவர் என்றால் போடுங்கள். ஆனால் மலையில் அடுத்த வார்டு என்பது சில சமயம் அடுத்த மலை.

யாரையும் பிடிக்கவில்லை. நோட்டா உண்டா?

2022 நகர்ப்புறத் தேர்தல் இயந்திரத்தில் நோட்டா பொத்தான் இல்லை. அதனால் இருப்பவர்களில் குறைந்த கெடுதல் யார் என்று பார்க்கத்தான் வேண்டும். இருபது ஓட்டு, பதினைந்து ஓட்டில் முடிவு மாறும் வார்டுகள் நம்முடையவை. வீட்டில் உட்காருவதும் ஒருவருக்கு ஓட்டுப் போட்ட மாதிரிதான்.

வெலிங்டனில் இருக்கிறேன். குன்னூர் நகராட்சிக்கு ஓட்டு உண்டா?

கண்டோன்மெண்ட் எல்லைக்குள் என்றால் இல்லை. அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வரும் தனி வாரியம்.

போன தடவை பட்டியலில் என் பெயர் காணாமல் போய்விட்டது. இந்த முறை என்ன செய்வது?

உள்ளாட்சிக்கென்று தனியாகப் பெயர் சேர்ப்பதில்லை. சட்டமன்ற வாக்காளர் பட்டியலைத்தான் வார்டு வாரியாகப் பிரிக்கிறார்கள். அங்கே இல்லையென்றால் இங்கேயும் இல்லை. படிவம் 6 கொடுத்து இப்போதே சேர்த்துவிடுங்கள், தேர்தல் அறிவிப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். வார்டு வாரியான பட்டியல் வந்ததும் நகராட்சி அலுவலகத்தில் போய் உங்கள் வீட்டு எண் சரியான வார்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே படிக்கட்டின் மேல்பக்கம் ஒரு வார்டும் கீழ்பக்கம் இன்னொன்றுமாக இருக்கும் ஊர் இது, தவறு நடப்பது சகஜம். திருப்பூர், கோவையில் வேலைக்குப் போன பிள்ளைகளின் பெயர் இங்கே இருந்தால், தேர்தல் தேதி தெரிந்ததும் அவர்களுக்குச் சொல்லிவிடுங்கள். ஊட்டி பஸ்ஸில் கடைசி நேரத்தில் சீட் கிடைக்காது.